தொடுதிரைக்கு வெளியே ஒரு பட்டன்: காப்பர் டேப் கொண்டு தொடுதலை நீட்டிக்கும் முழுமையான வழிகாட்டி

ஃபோனின் திரை முடியும் இடத்துக்கு வெளியே, கவரின் மேலோ பக்கத்தில் வைத்த ஓர் அட்டையிலோ விரலை வைக்கிறீர்கள். திரையில் நீங்கள் குறித்த இடத்தைத் தொட்டதாக ஃபோன் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி, ப்ளூடூத், நிரல் எதுவும் தேவையில்லை. காப்பர் டேப், ஒரு பிளாஸ்டிக் ஷீட், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கேமின் இடது வலது பட்டன்களை விரல் மறைக்காத இடத்துக்கு மாற்றலாம். மின்னூலில் பக்கம் திருப்பலாம். திரையின் சின்னப் பட்டனைக் குறிபார்த்துத் தொடச் சிரமப்படுபவருக்குப் பெரிய பட்டன் வைத்துக் கொடுக்கலாம். செய்வது எளிதுதான். ஆனால் வரிசை மாறினால், எந்த இடத்தில் கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வையுங்கள். திரைமேல் உட்காரும் உலோகத் துண்டு உள் பேட். நீங்கள் விரல் வைக்கும் துண்டு வெளி பேட். இரண்டையும் இணைப்பது தடம்.

## 1. இது எப்படி வேலை செய்கிறது

இன்றைய ஃபோன், டேப்லெட் திரைகள் கெப்பாசிட்டிவ் வகை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றின் இடைவெளி பொதுவாக 4 முதல் 5 மி.மீ. திரையைக் கட்டுப்படுத்தும் சிப் ஒரு வரிசையில் சிக்னலை அனுப்பி, குறுக்கே ஓடும் வரிசையில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விரல் வந்தால் அந்த மின்புலத்தில் ஒரு பங்கு உடல் வழியே போய்விடும். கேட்கும் பக்கத்தில் சிக்னல் குறையும். அந்தக் குறைவைத்தான் சிப் தொடுதல் என்று கணக்கிடுகிறது.

திரைமேல் ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்தால் மட்டும் அப்படிக் குறைவு வராது. அந்தத் துண்டிலிருந்து மின்னூட்டம் போக வேறு இடம் இல்லை. அதை விரலால் தொட்ட நொடியில் உடலுக்கு வழி கிடைக்கிறது, உலோகத் துண்டே விரல் மாதிரி ஆகிவிடுகிறது.

நாம் செய்யப்போவது எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான். தொடாதபோது பேட் அங்கே இல்லாததுபோல இருக்க வேண்டும், தொட்டதும் விரல்போல நடக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இரண்டாவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். பெரிய பேட், நீளமான தடம், அகலமான டேப் என்று போட்டுவிட்டு, யாரும் தொடாமலே திரை தானாகத் தொட்டுக்கொள்கிறது என்கிறார்கள். உலோகம் பெருகப் பெருக அதுவே சுற்றுப்புறத்தோடு மின்தொடர்பு கொண்டுவிடும், அதற்கு விரல் தேவைப்படாது.

அழுத்தத்தால் வேலை செய்யும் பழைய ரெசிஸ்டிவ் திரைகளிலும், அகச்சிவப்புச் சட்டம் பொருத்திய பெரிய திரைகளிலும் இந்த முறை பலிக்காது. அங்கே மின்புலத்துக்கு வேலையே இல்லை.

## 2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

5 அல்லது 6 மி.மீ. அகலக் காப்பர் டேப் ஒரு சுருள் வேண்டும். வாங்கும்போது பசையும் மின்கடத்தும் வகையா என்று பாருங்கள். சாதாரணப் பசை உள்ள டேப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய இணைப்புகள் நம்பகமாக இருக்காது. கையில் அதுதான் இருக்கிறது என்றால் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டுங்கள், இல்லையென்றால் இணைப்பில் ஒரு பொட்டு சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகப் பற்று) வையுங்கள்.

சோதனைக்கு அலுமினியம் ஃபாயில் நல்லது. நிரந்தரமாக வைக்க அது சரிப்படாது. அதன்மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும், சால்டரும் எளிதில் பிடிக்காது, மடிப்பில் கிழிந்துவிடும்.

அடுத்து, மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட். 0.1 மி.மீ. தடிமன் போதும். இதன்மேல்தான் எல்லாவற்றையும் ஒட்டப் போகிறோம், திரையில் நேரடியாக அல்ல. இத்தனை மெல்லிய பிளாஸ்டிக்கால் சிக்னல் பெரிதாகக் குறையாது. வேண்டாதபோது முழுசாக எடுத்து வைத்துவிடலாம்.

2 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் டேப், காகித மாஸ்கிங் டேப், கட்டர், ஸ்கேல் ஆகியவையும் வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலை குறையும். இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டி வசதி மட்டும் இருந்தால் போதும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது: தடத்தின் எந்த முனையையும் பேட்டரியிலோ சார்ஜரிலோ மின் இணைப்புள்ள வேறு சாதனத்திலோ சேர்க்காதீர்கள். இந்த அமைப்புக்கு வெளி மின்சாரம் எதுவும் தேவையில்லை.

## 3. ஃபோனை முதலில் தயார் செய்யுங்கள்

திரை எந்த இடத்தில் தொடுதலை உணர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் ஃபோனைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷன் என்பதை இயக்கினால், தொடும் இடத்தில் குறுக்குக் கோடுகள் தோன்றும். மேலே ஆயத்தொலைவு எண்களும் ஓடும். ஐஃபோன், ஐபேடில் படம் வரையும் செயலி ஒன்றைத் திறந்து வையுங்கள். பேட் எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி விழும்.

அப்புறம் ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்துங்கள். திரை அணையும் நேரத்தைக் கூட்டுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். சில சார்ஜர்கள் தரும் மின் இரைச்சலில் தொடுபுள்ளி அங்கும் இங்கும் துள்ளும், பேட்டில்தான் கோளாறு என்று நினைத்து நீங்கள் அதைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

திரைமேல் தடிமனான டெம்பர்டு கிளாஸ் இருந்தால் சிக்னல் குறையும். கழற்ற மனமில்லை என்றால் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி உங்கள் ஃபோனில் இருக்கிறதா பாருங்கள். கையுறையோடு தொடுவதற்காகப் பல ஃபோன்களில் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் அதை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். உணர்திறன் கூடினால் தானாகத் தொடும் கோளாறும் கூடும். வேறு வழியில்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

## 4. ஃபாயில் சோதனை

டேப்பை வெட்டும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ஃபாயிலில் 8 மி.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று வெட்டித் திரையின் நடுவில் தட்டையாக வையுங்கள். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள், குறுக்குக் கோடு வரக்கூடாது. இப்போது அந்தத் துண்டின் ஒரு மூலையை பென்சிலின் மரப் பகுதியால் அழுத்துங்கள். அப்போதும் வரக்கூடாது, மரம் மின்சாரத்தைக் கடத்தாது. அடுத்து, ஒரு நீண்ட ஃபாயில் இழையின் ஒரு முனையைத் துண்டின்மேல் வைத்து, திரைக்கு வெளியே தொங்கும் மறுமுனையை விரலால் தொடுங்கள். கோடு வந்தால் உங்கள் ஃபோனில் இந்த முறை வேலை செய்யும்.

வராவிட்டால் துண்டை 10 மி.மீ., 12 மி.மீ. எனப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த அளவில் முதன்முதலாக உறுதியாக வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள் பேட்டுக்கு அந்த அளவுதான், அதற்கு மேல் வேண்டாம். மின்முனைகளின் இடைவெளி 4 அல்லது 5 மி.மீ. என்பதால், அதைவிடச் சின்னத் துண்டு போதிய சிக்னல் தராது. ரொம்பப் பெரிதாக்கினால் சிப் அதை உள்ளங்கை என்று நினைத்து ஒதுக்கிவிடும்.

## 5. உள் பேட் எங்கே உட்கார வேண்டும்

எந்தச் செயலிக்காகச் செய்கிறீர்களோ அதைத் திறந்து, பட்டன் இருக்கும் இடத்தின் மேல் ஷீட்டை வைத்து மார்க்கரால் வட்டம் போடுங்கள். ஷீட்டின் இரண்டு மூலைகள் ஃபோனின் இரண்டு மூலைகளோடு எங்கே பொருந்துகின்றன என்பதையும் குறியுங்கள். பின்னால் ஷீட்டைக் கழற்றி மாட்டும்போது அதே இடத்தில் உட்கார இந்தக் குறிகள்தான் உதவும்.

ஓரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, தடம் சின்னதாகும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விளிம்பை ஒட்டிய பகுதி சிக்கலானது. ஃபோனைப் பிடிக்கும் கை தெரியாமல் படுவதை ஒதுக்குவதற்காக அங்கே வரும் தொடுதல்களைப் பல ஃபோன்கள் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள சைகை முறையில், பின்னால் போவதற்கான இழுப்பும் இடது வலது விளிம்புகளில்தான் தொடங்குகிறது. உள் பேட்டின் மையம் விளிம்பிலிருந்து 10 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

பட்டன்களை நகர்த்த அனுமதிக்கும் கேம்களில் உங்களுக்கு வேலை பாதிதான். பேட்டை பட்டனுக்குக் கொண்டுபோகாமல், பட்டனைப் பேட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

## 6. உள் பேட்டும் பாலமும்

குறித்த அளவில் காப்பரை வெட்டுங்கள். வட்டமாக இருந்தால் நல்லது, சதுரமாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வட்டத்தையும், அதிலிருந்து திரைக்கு வெளியே போகும் வாலையும் (தடத்தின் தொடக்கப் பகுதி) ஒரே துண்டாக வெட்ட முடிந்தால் வெட்டிவிடுங்கள். வாலின் அகலம் 1 மி.மீ. போதும்.

உள் பேட்டிலிருந்து திரையின் விளிம்பு வரை, வால் திரையின் உணரும் பகுதிக்கு மேலேயேதான் போகிறது. அதுவும் கண்ணாடியில் படிந்திருந்தால், வழியில் உள்ள மின்முனைகள் ஒவ்வொன்றோடும் கொஞ்சம் கொஞ்சம் தொடர்பு கொள்ளும். வெளி பேட்டைத் தொடும்போது தொடுபுள்ளி பட்டனில் விழாமல், பட்டனுக்கும் விளிம்புக்கும் நடுவில் எங்கோ விழும். அகலமான டேப்பை அப்படியே ஒட்டியவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். பாயின்டர் லொகேஷனைப் பார்த்தால் குறுக்குக் கோடு விளிம்பை நோக்கி இழுபட்டு நிற்பது தெரியும்.

இதைத் தவிர்க்க வாலைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிட வேண்டும். ஃபோம் டேப்பில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று வெட்டி, உள் பேட்டின் ஓரத்திலிருந்து திரையின் விளிம்பு வரை ஷீட்டில் ஒட்டுங்கள். வால் அந்த ஃபோம் பாலத்தின் மேல் ஏறிப் போகட்டும். 2 மி.மீ. உயரம் கிடைத்தாலே வாலின் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணாடியை ஒட்டி இருப்பது உள் பேட் மட்டும்தான் என்பதால் புள்ளி சரியாக அதன் நடுவில் விழும்.

பாலம் ஏறும் இடத்தில் காப்பர் செங்குத்தாக மடிந்தால் அங்கே வெடிக்கும். ஃபோமின் முனையைக் கட்டரால் சரிவாகச் சீவிவிடுங்கள்.

காப்பர் பட்டனை மறைத்துவிடுகிறதே என்ற கேள்வி வரும். ஆமாம், மறைக்கும். அடியில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய ஒளிபுகும் ஃபிலிம் இருக்கிறது. காப்பரைவிட அதற்கு மின்தடை அதிகம். ஆனாலும் இந்த வேலைக்கு அது ஒரு பொருட்டில்லை, ஏன் என்பது அடுத்த படியில். எந்தப் பட்டன் எங்கே என்று கை பழகிவிட்டால் காப்பரே போதும் என்பது என் கருத்து.

## 7. தடம்

தடத்தின் நீளத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். 5 முதல் 10 செ.மீ. வரை சாதாரணமாகப் பிரச்சினை வராது. நீளம் கூடினால் தடமே ஆண்டெனாபோலச் சுற்றுப்புறத்தோடு தொடர்பு கொள்ளும். அதுவும் உலோக மேசையின்மேல் படுத்துக் கிடந்தால் இன்னும் மோசம். தொடாமலே தொட்டதாகக் காட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

மின்தடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிக்னல் ஒரு லட்சம் ஹெர்ட்ஸ், அதற்கும் மேல் என்ற அளவில் ஓடுகிறது. உள் பேட்டுக்கும் மின்முனைக்கும் நடுவே உள்ள மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மிகச் சின்னது என்பதால், அந்த இடைவெளியே பல லட்சம் ஓம் எதிர்ப்புக்குச் சமம். தடத்தில் கூடுதலாகச் சில ஆயிரம் ஓம் வந்து சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. மென்மையான 6பி பென்சிலால் காகிதத்தில் அழுத்தி நிரப்பிய பட்டை, மின்கடத்தும் நூல், வெள்ளி மை, எதுவும் குறுகிய தடத்துக்குப் பயன்படும். தடத்தில் இருக்கக் கூடாதது அறுபட்ட இடம்.

அதற்குத்தான் மல்டிமீட்டர். ஒரு முள்ளை உள் பேட்டிலும் இன்னொன்றை வெளி பேட்டிலும் வைத்து பீப் வருகிறதா பாருங்கள். ஷீட்டைக் கொஞ்சம் வளைத்தும் பாருங்கள். வளைக்கும்போது பீப் நின்றால் மயிரிழை விரிசல் இருக்கிறது, அதன்மேல் ஒரு பொட்டு சால்டர் வையுங்கள். காப்பர் வகைகளுக்கு மட்டும்தான் பீப்பை எதிர்பார்க்க வேண்டும். பென்சில் பட்டைக்கு பீப் வராது, ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தடத்தின் வெளிப்பகுதியில் விரல் பட்டாலும் திரை தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும், அதுவும் பேட்தானே. மேலே செலோடேப் ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மெல்லிய டேப் நேரடித் தொடர்பை மட்டும்தான் தடுக்கும், மின்புலம் அதைத் தாண்டிப் போகும். தடத்தை 1 மி.மீ. அகலமாகவே வைத்து, விரல் போகும் வழியில் இருந்தால் மேலே தடித்த அட்டையோ ஃபோமோ ஒட்டுங்கள்.

## 8. வெளி பேட்

விரல் நுனி வசதியாகப் படும் அளவு இருந்தால் போதும். 15 மி.மீ. விட்டம் நல்ல தொடக்கம். கை நடுக்கம் உள்ளவருக்குச் செய்கிறீர்கள் என்றால் பெரிதாக வேண்டியிருக்கும். அப்போது முழுத் தகடாக வெட்டாமல், சீப்பு மாதிரி இடைவெளி விட்டுப் பிரிந்த கோடுகளாக வெட்டுங்கள். விரல் எங்கே பட்டாலும் ஏதோ ஒரு கோட்டில் படும், உலோகத்தின் மொத்தப் பரப்போ பாதியாகிவிடும்.

வெளி பேட்டைக் கவரில் ஒட்டுவதாக இருந்தால், ஃபோனின் உலோகச் சட்டத்துக்கு நேர் மேலே வராமல் பாருங்கள். சட்டத்துக்கும் பேட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் மட்டும் இருந்தால், சிக்னலில் ஒரு பங்கு சட்டத்துக்கே போய்விடும். அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் அடியில் ஒரு துண்டு ஃபோம் கொடுங்கள்.

இப்போது திரையை அணைத்து, விரலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, மறுபடி திரையை எழுப்புங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள். யாரும் தொடாத நிலை எப்படி இருக்கும் என்று சிப் ஓர் அடிப்படை அளவை வைத்துக்கொண்டு அதோடுதான் ஒப்பிடுகிறது. ஷீட்டை வைத்தது அதற்குத் தெரியாது. அணைத்து எழுப்பினால் ஷீட்டோடு சேர்த்துப் புது அளவு எடுத்துக்கொள்ளும். எழுப்பும்போது விரல் பேட்டில் இருந்தால், விரல் இருப்பதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டு தாறுமாறாக நடக்கும்.

## 9. கையில் பிடித்தால் வேலை செய்கிறது, மேசையில் வைத்தால் இல்லை

இதைக் கேட்காதவர்கள் இல்லை என்றே சொல்லலாம். பேட்டை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் தீராது, காரணம் பேட்டில் இல்லை.

உள் பேட் வழியே உங்கள் உடலுக்குப் போகும் சிக்னல் திரும்பி ஃபோனுக்கு வந்தால்தான் சுற்று முழுமையாகும். ஃபோன் கையில் இருக்கும்போது உள்ளங்கையும் ஃபோனின் உடலும் ஒட்டி இருப்பதால் அந்தத் திரும்பு வழி தாராளமாகக் கிடைக்கிறது. மர மேசையில் தனியாகக் கிடக்கும் ஃபோனுக்கு அது இல்லை. நேரடியாகத் திரையைத் தொட்டால் விரல் கண்ணாடிக்கு மிக அருகில் வருவதால் எப்படியோ சமாளித்துவிடும். பேட் வழியாக வரும் பலவீனமான தொடுதலுக்கு அது கைகொடுக்காது.

தீர்வு எளிது. ஃபோனின் அளவுக்கு ஒரு ஃபாயில் துண்டு வெட்டி ஃபோனுக்கு அடியில் வையுங்கள். அதிலிருந்து ஒரு நாக்கை முன்பக்கம் நீட்டி, மணிக்கட்டு ஓய்வாகப் படும் இடத்தில் ஒட்டுங்கள். மணிக்கட்டு அதில் பட்டிருக்கும்போது ஃபோனின் பின்புறமும் உங்கள் உடலும் ஃபாயில் வழியாக இணைகின்றன. தொடுதல் உடனே உறுதியாவதைப் பார்க்கலாம். இந்த ஃபாயில் தடத்தையோ வெளி பேட்டையோ தொடக்கூடாது, அவற்றுக்கு நேர் அடியிலும் போகக்கூடாது.

ஃபோனைச் சார்ஜரில் போட்டாலும் சில சமயம் சரியாகும், திரும்பு வழி அதன் வழியே கிடைக்கும். ஆனால் மூன்றாம் படியில் சொன்ன இரைச்சல் கூடவே வரும். நான் ஃபாயிலையே சொல்வேன்.

## 10. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டன்கள்

முதல் பட்டன் உறுதியாக வேலை செய்யும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். நான்கையும் ஒரேயடியாக ஒட்டிவிட்டுச் சோதித்தால் எது எதைக் கெடுக்கிறது என்று பிரித்தறிய முடியாது.

உள் பேட்களின் மையங்களுக்கு நடுவே 15 மி.மீ.யாவது இருக்கட்டும். நெருங்கிவிட்டால் இரண்டு தொடுதலையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரே புள்ளியாகக் காட்டும். தடங்களுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி வையுங்கள். இணையாக நீண்ட தூரம் ஒட்டி ஓடும் தடங்களில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் எத்தனை விரல்களை உணர முடியும் என்பது ஃபோனுக்கு ஃபோன் மாறும். பல ஃபோன்களில் 10, மலிவானவற்றில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பாயின்டர் லொகேஷனில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## 11. தட்டுவதற்குப் பதில் இழுப்பது

இதுவரை செய்தது தட்டும் பட்டன். திரைக்கு வெளியே விரலை இழுத்துப் பக்கத்தை உருட்ட வேண்டுமென்றால் அமைப்பே வேறு. பேட்டும் பாலமும் இங்கே கிடையாது, கோடுகள் மட்டும்தான்.

திரையின் வலது ஓரத்தில் மேலும் கீழுமாக உருட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. அகலக் கிடைக்கோடுகளை 1 மி.மீ. இடைவெளி விட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக 5 செ.மீ. உயரத்துக்கு அடுக்குங்கள். ஒவ்வொரு கோடும் திரைக்குள் 15 மி.மீ., வெளியே 25 மி.மீ. நீண்டிருக்கட்டும். ஒரு கோடு இன்னொன்றைத் தொடக்கூடாது.

வெளிப்பகுதியில் விரலை வைத்தால் நான்கைந்து கோடுகள் ஒன்றாக அதன் அடியில் வரும். தனி ஒரு கோடு மெல்லியது, அதன் சிக்னல் போதாது. நான்கைந்து சேரும்போது திரைக்குள் ஒரு விரல் அகலத்துக்குச் சிக்னல் குறைகிறது. விரலைக் கீழே இழுத்தால் மேலே ஒரு கோடு விடுபட்டு, கீழே ஒரு கோடு சேர்கிறது, தொடுபுள்ளியும் நழுவி இறங்குகிறது. கோடுகளை அகலமாக்கி இடைவெளியைக் கூட்டினால் புள்ளி நழுவாமல் தாவித் தாவிப் போகும், பக்கமும் வெட்டி வெட்டி நகரும்.

எந்தத் திசையில் இழுக்க வேண்டுமோ அதற்குக் குறுக்கே கோடுகள் போக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கோட்டின் நீளவாக்கில் விரலை இழுத்தால் புள்ளி அசையாது. அதனால் ஒரு கோட்டு அடுக்கால் ஒரு திசையில்தான் உருட்ட முடியும்.

1 மி.மீ. டேப்பைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவது பொறுமையைச் சோதிக்கும். அகலமான காப்பர் தகட்டை முழுசாக ஷீட்டில் ஒட்டி, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கட்டரால் மெதுவாகக் கீறுங்கள். பிறகு ஒன்று விட்டு ஒரு கீற்றை இடுக்கியால் உரித்து எடுங்கள். கட்டர் ஷீட்டை அறுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டாம். உரித்த இடத்தில் காப்பர் இழை ஏதும் மிச்சமிருந்து பக்கத்துக் கோடுகளை இணைக்கிறதா என்று மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உருட்டல் திக்கும்.

பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தட்டையான ரிப்பன் கேபிளும் இதற்கு ஏற்றது. அதன் கம்பிகளுக்கு நடுவே பொதுவாக 1.27 மி.மீ. இடைவெளிதான். இரு முனையிலும் உறையை நீக்கி, கம்பிகளைத் தட்டையாக ஷீட்டில் ஒட்டிவிடலாம். சில சென்டிமீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். பக்கத்துக் கம்பிகள் மிக நெருக்கமாக ஓடுவதால், நீளம் கூடக் கூட ஒன்றின் தொடுதல் அடுத்தடுத்த கம்பிகளுக்கும் பரவி, புள்ளி மங்கிப்போகும்.

## 12. சரியாக வராவிட்டால் எதை முதலில் பார்ப்பது

தொட்டாலும் ஒன்றுமே வரவில்லையா? முதலில் தொடர்ச்சியைப் பாருங்கள். பீப் வருகிறது என்றால் ஃபோனைக் கையில் எடுத்துப் பாருங்கள். கையில் வேலை செய்தால் ஒன்பதாம் படிக்குப் போங்கள். கையிலும் இல்லை என்றால் உள் பேட் கண்ணாடியில் தட்டையாகப் படியவில்லை. நடுவில் காற்றுக் குமிழி இருந்தாலே சிக்னல் சரிந்துவிடும். பேட்டின் அளவைக் கூட்டுவது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

தொடாமலே தொடுகிறதா? ஃபோனுக்கும் தடத்துக்கும் அடியில் உலோகம் இருக்கிறதா என்று பார்த்து, இடத்தை மாற்றி, திரையை அணைத்து எழுப்புங்கள். நிற்கவில்லை என்றால் தடத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய முனையைத் தொட்டுப் பாருங்கள். அப்போது சரியாக நடந்தால் நீளமும் வெளி பேட்டின் பரப்பும்தான் குற்றவாளி. தொடு உணர்திறனை முன்பே கூட்டியிருந்தால் அதைக் குறைப்பதுதான் முதல் வேலை.

தொடுகிறது, ஆனால் இடம் தவறுகிறதா? பெரும்பாலும் பாலம் அமுங்கி வால் கண்ணாடியைத் தொட்டிருக்கும். ஃபோம் நாளடைவில் தளரும், புதிதாக மாற்றுங்கள்.

விரலை எடுத்த பிறகும் தொடுதல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஷீட்டின்மேல் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வியர்வை ஒரு மெல்லிய கடத்தும் படலமாகப் படர்ந்து தடங்களை இணைத்துவிடும். துடைத்துவிட்டுத் திரையை அணைத்து எழுப்புங்கள்.

## 13. பொருத்துவதும் கழற்றுவதும்

எல்லாம் சரியாக நடந்த பிறகுதான் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். ஷீட்டின் வெளிப்பகுதியைக் கவரோடு ஒட்டுங்கள். திரைமேல் வரும் பகுதியை ஒட்டாமல், ஓரத்தில் மட்டும் மாஸ்கிங் டேப்பால் பிடித்து வையுங்கள். முன்பக்கக் கேமரா, அருகாமை உணரி, காது ஸ்பீக்கர் இவற்றை ஷீட் மூடாமல் வெட்டிவிடுங்கள். அருகாமை உணரியை மூடினால் அழைப்பின்போது திரை தானாக அணைந்துவிடும்.

பேட்டைத் தெரியாமல் தட்டிச் செயலியை விட்டு வெளியேறாமல் இருக்க, ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐஃபோனிலும் ஐபேடிலும் கைடட் ஆக்சஸ் இருக்கின்றன. இன்னொருவர் நாள்தோறும் பயன்படுத்தப் போகிறார் என்றால் இதைக் கட்டாயம் இயக்கிக் கொடுங்கள்.

கழற்றும்போது ஒரு மூலையிலிருந்து தாழ்வான கோணத்தில் மெதுவாக உரியுங்கள். திரையில் பசை ஒட்டியிருந்தால் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், திரையின்மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். சுரண்டினால் கண்ணாடியின் எண்ணெய் ஒட்டாப் பூச்சு போய்விடும். ஷீட்டைச் சுருட்டாமல், ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துவிட்டால் பாலம் ஏறும் இடத்தில் காப்பர் வெடிக்காமல் அடுத்த முறைக்கு அப்படியே இருக்கும்.